எண்ணுக்குள் கதை வேண்டாம்
(யாழ்ப்பாணத்தில் எண்ணிம நூலகத் தன்னார்வலர்களுக்கு ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவர் இறந்த பின் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு அன்று கொடுக்கும் நினைவு மலர்கள் உங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்கும். தேவாரத்தோடு வம்சாவளியும் இருக்கும். ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு அது புதையல். அதற்கு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் எண் கிடையாது. ஸ்கான் செய்து ஏற்றிவிட்டோம், சரி. ஆய்வாளர் அதை எப்படிச் சுட்டுவார்? இணைய முகவரியைப் போட்டால், சேர்வர் மாறுகிற அன்றே அடிக்குறிப்பு செத்துவிடும்.

அதனால்தான் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத அடையாள எண் வேண்டும் என்கிறோம். ஆய்விதழ்களில் 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. (DOI) என்ற அடையாள எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கட்டணம் உண்டு. 2001 இல் அறிமுகமான ஆர்க் (ARK) என்ற இன்னோர் அடையாள எண் முறைக்குக் கட்டணம் இல்லை. எங்களைப் போன்ற சிறிய நூலகங்களுக்கு ஆர்க்தான் தோது என்பேன்.

எந்த முறையானாலும் எண்ணுக்குள் தகவலைத் திணிக்காதீர்கள். பதிப்பாண்டையும் ஆசிரியரின் முதலெழுத்தையும் சேர்க்க ஆசை வரும். இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. 2000க்குப் பிறகு பிறந்தவர்கள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்தபோது அது போதவில்லை. 2016 இல் பன்னிரண்டு இலக்கமாக்க வேண்டி வந்தது. எங்கள் பழைய நூல்களிலோ ஆண்டே அச்சிடாதவை எத்தனை! ஊகித்து 1930 என்று போடுவோம், பிறகு 1936 என்று தெரியவரும். பட்டியலில் திருத்திவிடலாம். எண்ணில் திருத்தினால் அது வேறு எண். ஆர்க் எண்களில் ஆங்கில உயிரெழுத்துகளைத் தவிர்ப்பதும் இதற்காகத்தான். தற்செயலாகக்கூட ஒரு சொல் அமைந்துவிடக் கூடாது. கடைசியில் சரிபார்ப்பு எழுத்து ஒன்றும் சேர்க்கலாம். கையால் எழுதும்போது இரண்டு எழுத்து இடம் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், 1930 இல் தொடங்கிய ஈழகேசரி போன்ற பத்திரிகை. பத்திரிகைக்கு ஓர் எண், ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எண். அதே இதழைத் தெளிவாக மறுபடி ஸ்கான் செய்தால் பழைய எண்ணே போதும். நூலின் திருத்திய பதிப்பு வந்தால் புது எண்.

ஒரு குடும்பம் தங்கள் நினைவு மலரை எடுத்துவிடச் சொன்னால் கோப்பை எடுங்கள், எண்ணை எடுக்காதீர்கள். இன்ன ஆவணம் இருந்தது, மீளப்பெறப்பட்டது என்று அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

எண் கொடுப்பது ஒரு நிமிட வேலை. எந்த எண் எந்த இணைய முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அட்டவணையை வருடக்கணக்கில் பேணுவதுதான் பாடு. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இன்றே நியமியுங்கள். அவருக்குப் பிறகு யார் என்பதையும் எழுதி வையுங்கள். அட்டவணையின் பிரதி வேறு ஊரிலும் வேறு நாட்டிலும் இருக்கட்டும். 1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.