வள்ளுவர் தூக்குத் தண்டனையை ஆதரித்தாரா? ஒரே ஒரு ‘ற்’ செய்யும் வேலை

[காட்சி: ஜார்ஜ்டவுன், காலை. பள்ளிவாசல் வாசலிலிருந்து கேமரா மெல்லத் திரும்புகிறது]

“தூக்கில் போடுங்க, வள்ளுவரே சொல்லியிருக்கிறார்!” ஒரு கொலைச் செய்தி வந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு வரி வந்துவிடும். கூடவே 550-ஆம் குறள். வணக்கம் மக்களே! அந்தக் குறளில் இருக்கும் ஒரே ஒரு எழுத்தைப் பற்றித்தான் இன்றைய வீடியோ.

நான் நிற்பது பினாங்கு, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். இந்திய முஸ்லிம்கள் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல் இது. அடுத்த தெருவில் மகாமாரியம்மன் கோயில், அந்தக் கோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மரண தண்டனையைப் பற்றி வேதங்கள் என்ன சொல்கின்றன என்று பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2018 முதல் மலேசியாவில் யாரையும் தூக்கிலிடவில்லை. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை கிடையாது. மரண தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது, ஆனால் முடிவு நீதிபதியின் கையில். சரி, குறளுக்கு வருவோம்.

[திரையில் எழுத்து]
கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

‘கொலையின்’ என்றாலும் ‘கொலையில்’ என்றாலும், அடுத்து ‘கொ’ வந்தால் புணர்ச்சியில் ‘கொலையிற்’ என்றுதான் ஆகும். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அந்தச் சொல்லைத் தூக்கி ‘ஒறுத்தல்’ பக்கம் வைத்தார்: கொடியவர்களை அரசன் கொலையால் தண்டிப்பது. அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் படித்தால்? கொலையில் கொடியவர்களை அரசன் தண்டிப்பது. என்ன தண்டனை என்று குறள் சொல்லவே இல்லை! ஓர் உயிர் ஒரு ‘ற்’-இல் தொங்குகிறது பாருங்கள். இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நேர்மையாகப் பேசுவோம். குறள் சொல்லும் உவமை, பயிரில் களை பிடுங்குவது. பிடுங்கிய களையை யாரும் திரும்ப நடுவதில்லை. அதனால் வள்ளுவர் தூக்குக்கு எதிரி என்று நான் சாதிக்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. இது ‘செங்கோன்மை’ அதிகாரத்தின் பத்தாவது குறள். முதல் குறளை ஏன் யாரும் பகிர்வதில்லை? “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.” ஆராய்ந்து, ஒரு பக்கம் சாயாமல், தேர்ந்து செய்வதுதான் முறை. நம் பழைய சட்டத்தில் 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிப்பார்கள். 15 கிராம் என்றால் தே தாரிக்கில் போடும் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி. கடத்தல் குற்றம் உறுதியானால் தூக்குதான். இவர் யார், எந்த நெருக்கடியில் இதைச் செய்தார் என்று பார்க்க நீதிபதிக்கு அப்போது வழி இல்லை. தேர்ந்து செய்ய இடமே தராத சட்டத்துக்கு வள்ளுவரைச் சாட்சிக்கு இழுக்கலாமா?

இன்னொன்று. பாண்டியன் அவையில் கண்ணகி எடுத்த எடுப்பில் என்ன சொல்லி அழைத்தாள்? “தேரா மன்னா!” ஆராயாத மன்னனே என்று பொருள். அதே ‘தேர்’! ஒரு பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுக் கோவலனைக் கொன்றாயிற்று. சிலம்பை உடைத்தால் முத்து இல்லை, மாணிக்கம். உண்மை தெரிந்தது. கோவலன் வந்தானா?

மற்ற வேதங்களிலும் இதே கவலை உண்டு. ஒரே சாட்சியை வைத்து ஒருவரைக் கொல்லக் கூடாது என்கிறது பைபிளின் எண்ணாகமம் 35:30. சாட்சி சொன்னவன் கைதான் முதலில் கல்லெறிய வேண்டும் என்கிறது அதே பைபிளின் உபாகமம். குர்ஆன் 2:178 பழிக்குப்பழியை அனுமதிக்கிறது, அதே வசனத்தில் கொலையுண்டவரின் உறவினர் மன்னிக்கவும் வழி திறக்கிறது.

தமிழாசிரியர்களே, உங்களிடம் ஓர் உதவி. 550-ஐ வகுப்பில் எப்படிப் பிரித்துச் சொல்லித் தருகிறீர்கள், ‘கொலையின்’ என்றா, ‘கொலையில்’ என்றா? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.