சுதி சேராவிட்டாலும் நீங்களே பாடுங்கள்

(இளம் பெற்றோருக்கான கூட்டமொன்றில் குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கைப்பிள்ளையோடு வந்திருக்கிறவர்கள், பிள்ளை அழுதால் சங்கடப்பட்டு எழுந்து வெளியே போக வேண்டாம். அழட்டும். நாம் பேசப்போவதே அதைப் பற்றித்தான்.

பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அழுகை ஏறத் தொடங்கும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகத் தணியும். வயிறு நிறையப் பால் குடித்திருக்கும், துணி நனைந்திருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக ஆரம்பித்துவிடும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உரம் விழுந்திருக்கு என்பார் ஒருவர். கண்ணு பட்டிருக்கு என்பார் இன்னொருவர். கடைசியில் பழி பெற்றவள் தலையில் வந்து விழும்: நீ என்னத்தைத் தின்னே? நல்ல ஆரோக்கியமான பிள்ளை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் 'காலிக்' என்று 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவர் வரையறுத்தார். அதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இன்றைய மருத்துவத்தாலும் முடியவில்லை. அதனால் அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன்.

சரி, அழுகிற பிள்ளையை என்ன செய்வது? பாடுங்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளை ஏறத்தாழ ஆறு மாதத்திலேயே சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மிகத் தெளிவாகக் கேட்பது தாயின் குரல். அது காற்று வழியாக மட்டுமல்ல, அவள் எலும்பும் தசையும் அதிர்ந்து உள்ளேயே போகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் பெற்ற தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் அயலாளின் குரல் கேட்கும். பிள்ளைகள் தாயின் குரல் வரும்படி சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன!

சும்மா பேசினால் போதாதா என்று கேட்கலாம். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள். பேச்சைக் கேட்டவை நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் அமைதியாக இருந்தன, பாட்டைக் கேட்டவை ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தன. பாடியது அந்தக் குழந்தைகள் கேட்டே இராத துருக்கிப் பாட்டு.

எப்படிப் பாடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளை வீறிட்டு அழும்போது மெல்லிய குரலில் தாலாட்டு ராகமான நீலாம்பரியில் பாடினால் அதன் காதில் விழாது. அதன் அழுகையே அதன் காதை அடைத்திருக்கும். முதலில் அதன் வேகத்துக்கு நீங்கள் போக வேண்டும். தோளில் சாய்த்து, எழுந்து நடந்துகொண்டு, ஓஓ... ரோரோ... என்று கொஞ்சம் கனமாகவே எடுங்கள். பிள்ளை உங்கள் நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும், அதிர்வு நேராக உடம்புக்குள் போகும். எந்த அழுகையிலும் மூச்சு வாங்க ஓர் இடம் உண்டு. அங்கேதான் நீங்கள் குரலைச் சற்று இறக்க வேண்டும். அடுத்த அழுகை கொஞ்சம் சுருங்கி வரும், நீங்களும் இன்னும் கொஞ்சம் இறங்குங்கள். முதுகில் தட்டுகிற கை வேகமாகத் தொடங்கி, வினாடிக்கு ஒரு தட்டு என்று வந்து நிற்கட்டும். பிள்ளையின் கையைக் கவனியுங்கள். இறுகிப் பிடித்த முஷ்டி தளர்ந்து விரல் விரிந்தால் வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கண் மூடியதும் அவசரப்பட்டுக் கிடத்திவிடாதீர்கள். ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, தூங்கிய பிறகும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து அப்புறம் கிடத்தினால் முழிப்பது குறைகிறது என்று ஜப்பானின் ரிக்கன் நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் சொன்னார்கள்.

எங்கள் வார்டில் ஓர் இளம் தகப்பன். "எனக்குப் பாட்டே வராது சிஸ்டர்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தினம் சென்னை மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர். தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். "தாம்பரம்... சானடோரியம்... குரோம்பேட்டை... பல்லாவரம்..." என்று இழுத்து இழுத்து ஆரம்பித்தார். திரிசூலம் வரும்போது அவருக்கே ஒரு மெட்டு அமைந்துவிட்டது. பரங்கிமலை தாண்டியதும் அழுகை தேம்பலாகிவிட்டது, கோடம்பாக்கத்தில் அதுவும் நின்றது. கடற்கரை வரை போய்விட்டு, பிள்ளை முழித்துவிடுமோ என்று பயந்து மறுபடியும் தாம்பரத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தார்!

கைப்பேசியில் போட்டுவிட்டால் என்ன? ஆபத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை மூச்சு வாங்குகிற இடம் கைப்பேசிக்குத் தெரியாது. பாட்டு நடுவே விளம்பரம் வேறு அலறும். சத்தமும் முக்கியம். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே சத்தம் 45 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. தூங்கவைக்க மழைச் சத்தம், இரைச்சல் எழுப்பும் கருவிகள் விற்கிறார்களே, அவற்றில் 14ஐ 2014இல் சோதித்தார்கள். முழுச் சத்தத்தில் வைத்தபோது ஓரடித் தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலைத் தொழிலாளியின் காதுக்கே ஆகாத அளவு அது. போடுவதானால் சத்தத்தைக் குறைத்து, தொட்டிலிலிருந்து ஏழடியாவது தள்ளி வையுங்கள். மோட்சார்ட் என்ற மேற்கத்திய இசை மேதையின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று விற்பதை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு வித்திட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, கைக்குழந்தைகளை வைத்தல்ல.

நம் தாலாட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். உன்னை அடித்தது யார், மாமனா, அத்தையா என்று பிள்ளையைக் கேட்பதாகத் தொடங்கி, பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டுக் குறை எல்லாம் அதில் வந்துவிடும். மாமியார் காதில் விழும்படி பாட அந்தத் தாய்க்கு வேறு எங்கே இடம் இருந்தது? பிள்ளைக்கு ராகம், அவளுக்குச் சொல். பாடுகிறவளும் ஆறுதல் அடைகிறாள். இதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. பெற்றோர் தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக்கிப் பாடியபோது குழந்தையின் நிலை சீரானதோடு, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

பாட்டுக்கு அடங்காத அழுகையும் உண்டு. காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் பாடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எதுவுமே இல்லாமல் விடாமல் அழுது, உங்களுக்குத்தான் தாங்க முடியவில்லை என்றால், பிள்ளையைச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்தக் கோபத்திலும் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். ஒரு கணக் குலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும்.

இங்கே வந்திருக்கிற ஆண்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு பாட்டு உங்களுடையது. அவள் தூங்கட்டும்.

இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.