முதல்ல சுடாத ஒரு ஆளைத் தேடுங்க

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். வாசிக்கிறன். "அண்ணா, என்ட மகளுக்கு 13 வயசு. ஸ்கூல்ல எயார் ரைபிள் டீம்ல சேர்ந்திருக்கிறா. கிழமைக்கு ஒரு நாள்தான் பிரக்டிஸ். எங்கட லேன்ல இன்னும் நாலஞ்சு பிள்ளைகளுக்கு விருப்பம். ஒரு ஹோல் எடுத்து, ரெண்டு ரைபிள் வாங்கி, நாங்களே ஒரு கிளப் தொடங்கினா என்ன? என்ட மனிசி துவக்கு எண்டாலே பயப்படுறா."

கடைசி வரியில இருந்து தொடங்குறன், ஏனெண்டா உங்கட உண்மையான கேள்வி அதுதான்.

உங்கட மனிசி பயப்படுறதுல ஒரு பிழையும் இல்ல. துவக்கு எண்ட சொல்லு எங்கட வீடுகளுக்குள்ள எப்படி வந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்ல. செக் பொயின்ட்ல பஸ்ஸால இறங்கி, ஐடென்டிட்டி கார்ட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு லைன்ல நிண்ட சனம் நாங்கள். நான் முதல் முதலா ரேஞ்சுக்கு, சுடப் பழகுற இடத்துக்கு, போனதைக் கேள்விப்பட்டு எங்கட அம்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கல. மூண்டாம் நாள், "சுட்டா என்ன கிடைக்கும்?" எண்டு கேட்டா. "கடதாசியில ஒரு ஓட்டை" எண்டன். "அதுக்கு ஊசி காணாதா?" எண்டா. இண்டைக்கு வரைக்கும் அதுக்கு என்னட்ட பதில் இல்ல.

ஆனா அந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கத்தான் வேணும். எயார் ரைபிள், அதாவது காத்துத் துவக்கு, சுடுற தூரம் 10 மீட்டர். டாகெட் கடதாசியில கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், ஒரு பெரிய சட்டை பொத்தான் அளவு. அதுக்கு நடுவுல பத்துப் புள்ளிக்குரிய இடம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். கொப்பியில பேனையால வைக்கிற முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். ரைபிள்ல பூதக்கண்ணாடி, டெலஸ்கோப் ஒண்டும் இல்ல. பின்னால ஒரு சின்னத் துளை, முன்னால ஒரு வளையம். வளையத்துக்குள்ள கறுப்பு வட்டம் சுத்திவர ஒரே அளவு வெள்ளை தெரியிற மாதிரி நிக்க வேணும். நிண்ட நிலையில, ஐஞ்சு கிலோவுக்குக் கிட்ட பாரத்தைப் பிடிச்சுக்கொண்டு. போட்டியில 60 வெடி, 75 நிமிசம். அதுக்கு முன்னால ஆயத்தத்துக்கும் சரிபார்த்துச் சுடுறதுக்கும் 15 நிமிசம். இப்ப தசமத்துல எண்ணுறபடியால ஒரு வெடிக்குக் கூடினது 10.9, மொத்தம் 654.

நல்லாச் சுடுற பிள்ளையைப் பாத்தீங்க எண்டா, அவ அரைவாசி நேரம் சுடவே மாட்டா. தூக்குவா, மூச்சைப் பாதி விட்டு நிப்பா, எட்டுப் பத்து செக்கனுக்குள்ள விரல் தானா அமத்தல்ல எண்டா அப்படியே இறக்கி வச்சிடுவா. திரும்பத் தூக்குவா. இறக்கி வைக்கப் பழகுறதுக்கே ஒரு வருசம் போகும். அடம் பிடிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டா கை நடுங்கும், கண்ணுல வட்டம் பதிஞ்சு போய் இல்லாத இடத்துலயும் தெரியும்.

இது எங்களுக்கு ஏலாத விளையாட்டு எண்டும் நினைக்க வேணாம். 1994ல கனடாட விக்டோரியாவில நடந்த பொதுநலவாய விளையாட்டுல பெண்கள் எயார் ரைபிள் ஜோடிப் போட்டியில தங்கம் எடுத்தது இலங்கைதான். மாலினி விக்கிரமசிங்க, புஷ்பமாலி ராமநாயக்க. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு தெஹானி எகொடவெல போனா, அதுவும் 10 மீட்டர் எயார் ரைபிள்தான். எல்லாம் பொம்பிளைப் பிள்ளைகள், கவனிச்சீங்களா?

இனி கிளப் விசயம். ரெண்டு ரைபிள் வாங்குறது எண்டீங்க. தயவு செஞ்சு அதைக் கடைசியா வையுங்க. காத்துத் துவக்குத்தானே எண்டு ஒன்லைன்ல ஓர்டர் பண்ண வெளிக்கிடாதீங்க. பாதுகாப்பு அமைச்சிட அனுமதி இல்லாம இங்க இறக்க ஏலாது, சுங்கத்துல நிண்டிடும். எங்கட நாட்டுச் சுடுகலன் சட்டம் 1916ம் ஆண்டுச் சட்டம், பிறகு பல தரம் திருத்தினது. பழசு எண்டு லேசா நினைக்க வேணாம். விலையும் சின்ன விலை இல்ல. ஜெர்மனியில செய்ற வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் மாதிரிப் போட்டி ரைபிள் ஒண்டு புதுசா எடுக்கிற காசுக்கு இங்க ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம், மிச்சமும் வரும்.

ரைபிளுக்கு முதல் தேடவேண்டியது ஒரு ஆளை. சுடாத ஆள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலம்பற வந்து, சுடாம, ஃபோனைப் பாக்காம, சுடுற லைனுக்குப் பின்னால நிக்கிற ஆள். ரேஞ்ச் ஒபிசர் எண்டு சொல்லுவம். சுடுறதுக்கு விருப்பமான இருபது பேரை உங்களுக்கு ஒரு நாளைல பிடிக்கலாம். இந்த ஒரு ஆளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். அவர் இல்லாட்டி உங்களிட்ட இருக்கிறது கிளப் இல்ல, துவக்கு வச்சிருக்கிற கொஞ்சப் பேர்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்றன் எண்டா, என்ட கண்ணால கண்டது. சில வருசத்துக்கு முதல் ஒரு ஹோல்ல ஆறு பிள்ளைகளோட பிரக்டிஸ். நான்தான் பொறுப்பு, ஆனா நானும் ஒரு லேன்ல (ஒரு ஆள் நிண்டு சுடுற இடம்) நிண்டு சுட்டுக்கொண்டு இருக்கிறன். ஒரு தகப்பன், நல்ல மனுசன், மகன்ட டாகெட்டைக் கழட்டிக்கொண்டு வருவம் எண்டு சுவரோரமா நடந்து முன்னுக்குப் போயிட்டார். செருப்புச் சத்தம் கூட இல்ல. நாலாம் லேன்ல நிண்ட பெடியன் ரைபிளைத் தோள்ல வச்சிருக்கிறான், உள்ளுக்கு பெலட், சின்ன ஈயக் குண்டு, இருக்கு. அவன்ட கண் துளைக்குள்ள, பக்கத்துல ஒண்டும் தெரியாது. நான் "ஸ்டொப்" எண்டு கத்தினதுக்கு அவன் பயந்து விரலை எடுத்துட்டான், அது எங்கட அதிர்ஷ்டம். பயந்து அமத்தியும் இருக்கலாம் தானே? அந்த பெலட் செக்கனுக்கு 170 மீட்டர் வேகத்துல போற சாமான். கண்ணுல பட்டா கண் போச்சு.

அண்டைக்குப் பின்னேரமே புறக்கோட்டைக்குப் போய் உடுப்புக் காயப்போடுற சிவப்பு நைலோன் கயிறு வாங்கினன். ரெண்டு கதிரையில கட்டி, லைனுக்கு முன்னால குறுக்க. எல்லா ரைபிள்லயும் ஒரேஞ்ச் கலர் சேஃப்டி ஃப்ளாக் போட்டாச்சா எண்டு (குழலுக்குள்ளால விட்டு வெளியில தெரியிற மெல்லிய கயிறு, அது கிடந்தா உள்ளுக்கு ஒண்டும் இல்ல) ஒவ்வொண்டாப் பாத்து, ரைபிள் மேசையில, கை எல்லாம் பின்னால, பிறகுதான் சிவப்புக் கயிறு இறங்கும். அந்தக் கயிறை இறக்கிற ஆள் சுடக்கூடாது. நானும் அண்டையில இருந்து பிரக்டிஸ் நேரத்துல சுடுறதில்ல. என்ட ஸ்கோர் விழுந்தது உண்மை.

ஹோல் பற்றிக் கொஞ்சம். பத்து மீட்டர் போதும் எண்டு அளக்கிறவங்க, பின்னால ஆக்கள் நிக்கவும் இடம் வேணும் எண்டதை மறந்திடுவாங்க. டாகெட்டுக்குப் பக்கத்துல கதவு இருந்தா அது உள்ளால பூட்டுற கதவா இருக்கவேணும். பெலட் பிடிக்கிறதுக்குச் சாய்வா இரும்புத் தகடு வச்ச பெட்டி. பெலட் ஈயம், அதால ரேஞ்சுக்குள்ள சாப்பாடு, டீ ஒண்டும் இல்ல, முடிஞ்சதும் சோப் போட்டுக் கை கழுவுறது. தும்புத்தடியால கூட்டாதீங்க, தூசி எழும்பும், ஈரத்துணியால துடைக்கிறதுதான். ரைபிள்ல காத்து அடிச்சு வைக்கிற சிலிண்டருக்குத் திகதி இருக்கு, பத்து வருசம் தாண்டினதைத் தந்தா இனாமா எண்டாலும் வேணாம். நாங்கள் நிரப்புறது கடலுக்குள்ள சுழியோடுற ஆக்களுக்கு டாங்கி நிரப்புற இடத்துல. அங்க முதல் தரம் போய் நிண்டப்ப, எந்தக் கடல்ல இறங்கப் போறீங்க எண்டு கேட்டாங்க.

சுடேக்க போடுற அந்தத் தடிச்ச ஜக்கெட்டும் ஒரு பிரச்சினை. உடம்பு ஆடாம இறுக்கிப் பிடிக்கச் செஞ்சது, வெக்கைக்கு இல்ல. ஏப்ரல் மாசம் கொழும்புல ஏசி இல்லாத ஹோல்ல அதைப் போட்டுக்கொண்டு நிண்டா வேர்வை காலுக்கு வடியும். பிள்ளைகளுக்குப் பத்து வெடிக்கு ஒருக்கா கழட்டித் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. வீட்ட போனதும் ஜக்கெட்டைச் சுருட்டி வைக்காம கொழுவி விட வேணும், இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும்.

பேப்பர் வேலை எண்டு பாத்தா யாப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர், பேங்க் கணக்கு, கூட்டக் குறிப்பு. 1973ம் ஆண்டு விளையாட்டுச் சட்டத்துக்குக் கீழ இந்த விளையாட்டுக்கும் ஒரு தேசிய சம்மேளனம் இருக்கு, அவங்களோட கதைக்காம ஒரு அடியும் வைக்காதீங்க. ரைபிள் யாரிட பேர்ல, எங்க பூட்டி வைக்கிறது, திறப்பு யாரிட்ட, இந்த மூண்டையும் எழுத்துல வையுங்க. பிள்ளையோட பஸ்ஸில ரைபிளை அனுப்புற கதையே வேணாம்.

இன்னொண்டு, இது என்ட சொந்த அபிப்பிராயம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் எண்டு ஒரு கிளப் தொடங்காதீங்க. உங்கட லேன்ல இருக்கிற சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாரையும் சேருங்க. ரேஞ்சுல கட்டளை எல்லாருக்கும் "லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட்"தான், மொழிப் பிரச்சினை வராது. பெற்றோர் கூட்டத்துக்குத்தான் மூண்டு மொழியும் வேணும்.

அதால உடனே தொடங்க வேணாம். இருக்கிற ஒரு கிளப்ல மகளை விட்டு, நீங்களும் ஒரு வருசம் பின்னால நிண்டு பாருங்க. அதுக்கிடையில மகள் வீட்டிலயே பழகலாம், துவக்கே தேவையில்ல. பிரக்டிஸ்ல நிக்கிற மாதிரி நிண்டு, சுவர்ல ஒரு புள்ளியைப் பாத்து, கண்ணை மூடி, பத்து எண்ணித் திறக்கச் சொல்லுங்க. உடம்பு புள்ளிக்கு நேராவே நிக்குதா, விலகிட்டுதா? விலகினா கையைத் திருப்பக் கூடாது, காலை மாத்தி வைக்க வேணும். நாளைக்குப் பத்து நிமிசம் போதும்.

உங்கட மனிசியையும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்க. பயம் இருக்கிற ஆள், கதவு பூட்டியிருக்கா, யார் முன்னுக்குப் போறது எண்டு பாத்துக்கொண்டே இருப்பா. எனக்குக் கயிறு பிடிக்க அப்படி ஒரு ஆள்தான் வேணும். மூடின சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்க, எட்டரைக்குத் தொடங்கிடுவம்.