ஒரு நாய்க்குட்டி நிக்சனின் பதவியைக் காப்பாற்றிய கதை

வணக்கம். 1952 செப்டம்பர் 23 இரவு, அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன், போட்டியிலிருந்தே விலக்கப்படலாம் என்ற நெருக்கடியில் தொலைக்காட்சியில் தோன்றி, தன் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசினார். வேட்பாளர் பதவி தப்பியது. அந்தச் சில வரிகள் எப்படி அவ்வளவு பெரிய வேலையைச் செய்தன என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

தலைவர்கள் செல்லப்பிராணியோடு படம் எடுத்துக்கொள்வது அதற்கு முன்பே இருந்த வழக்கம். 1928 அதிபர் தேர்தலில், இறுக்கமான மனிதர் என்று பெயரெடுத்த வேட்பாளர் ஹெர்பர்ட் ஹூவர் தன் நாய் கிங் டட்டோடு சிரித்தபடி இருக்கும் படத்தை அவருடைய பிரசாரக் குழு பரப்பியது. நாம் நின்று பார்க்க வேண்டியது 1944ஆம் ஆண்டு.

அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தன் ஸ்காட்டிஷ் டெரியர் நாயான ஃபாலாவை அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவில் மறந்து விட்டுவந்து, அதை அழைத்துவர மக்கள் வரிப்பணத்தில் ஒரு போர்க்கப்பலையே அனுப்பினார் என்று எதிர்க்கட்சியினர் கதை கட்டினார்கள். ஒரு தொழிற்சங்க விருந்தில் அதற்குப் பதில் சொன்ன ரூஸ்வெல்ட், தன்னையும் மனைவியையும் மகன்களையும் தாக்கியது போதாதென்று இப்போது தன் சின்ன நாயையும் தாக்குகிறார்கள், நாங்கள் பொறுத்துக்கொள்வோம், ஆனால் ஃபாலா பொறுக்காது என்றார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் பேசிய தேதியைக் கவனியுங்கள்: செப்டம்பர் 23. நிக்சன் பேசியது, நாள் தவறாமல், எட்டு ஆண்டுகள் கழித்து!

நிக்சன் மீதான குற்றச்சாட்டு, ஆதரவாளர்கள் திரட்டித் தந்த சுமார் 18,000 டாலர் நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்பது. அவர் அரை மணி நேரம் பேசினார். தணிக்கை அறிக்கையைப் படித்தார், வீட்டுக் கடனையும் காரையும்கூடக் கணக்கில் சொன்னார். பிறகு, இதையும் நான் சொல்லாவிட்டால் அதற்கும் என்மேல் பழி வரும் என்று தொடங்கி, டெக்சாஸிலிருந்து ஒருவர் ஒரு பெட்டியில் வைத்து அனுப்பிய, கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட காக்கர் ஸ்பானியல் குட்டிக்குத் தன் ஆறு வயது மகள் டிரிஷியா 'செக்கர்ஸ்' என்று பெயர் வைத்ததைச் சொல்லி, யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பித் தரப்போவதில்லை என்றார்.

ஃபாலாவைச் சண்டைக்குள் இழுத்தவர்கள் எதிரிகள். செக்கர்ஸைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிக்சனே அதைக் கொண்டுவந்தார். பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும், ஒரு குழந்தையின் கையிலிருந்து நாய்க்குட்டியைப் பிடுங்க வந்தவர்களைப் போல ஒரே நிமிடத்தில் மாறிப்போனார்கள். அவர் வாசித்த கணக்கு இன்று யாருக்கு நினைவிருக்கிறது? அந்த உரைக்கே 'செக்கர்ஸ் உரை' என்றுதான் பெயர். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்: நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதனால்தான் அதை முன்னால் நிறுத்துகிறார்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தால் கமெண்டில் அவசியம் எழுதுங்கள்.

நாய் எப்போதும் எசமானுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதில்லை. 1964இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தன் பீகிள் நாயைக் காதைப் பிடித்துத் தூக்கிய படம் வெளியாகி நாடே கொதித்தது. 2007இல் ரஷ்யாவின் சோச்சி நகரில், ரஷ்ய அதிபர் புதினின் கறுப்பு லாப்ரடார் நாயான கோனி, நாய்க்கு அஞ்சும் அன்றைய ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கலின் அருகே வந்து மோப்பம் பிடித்தது. மெர்க்கலின் அச்சம் தனக்குத் தெரியாது என்று புதின் பின்னாளில் சொன்னார். ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு மெர்க்கல் உட்கார்ந்திருக்க, புதின் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்தப் படம், பார்த்தவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

1969 ஜனவரியில் நிக்சன் அதிபராக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். செக்கர்ஸ் 1964இலேயே இறந்துவிட்டது.