செவுளைத் தூக்கிப் பார்க்கும் ஆத்தா

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிப் பேசிய பாம்பனின் மக்களே, வணக்கம். ‘கல்லூரி மாணவருக்குப் பேச்சும் சிந்தனையும் வருவது வகுப்பறையிலா, வாழ்க்கையிலா?’ நாங்க வகுப்பறை.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: “கரையில மீன் வாங்குற ஆத்தாவுக்கு எந்தக் காலேஜு கிரிட்டிக்கல் திங்கிங் சொல்லிக்குடுத்துச்சு?” நல்ல கைதட்டல்! நானும் தட்டினேன்.

சரி, அந்த ஆத்தாவையே பார்ப்போம். ஏலம் கூறுறவர் “இப்பத்தான் வந்த மீனு”ன்னு தொண்டை கிழியக் கத்துறார். ஆத்தா நம்புதா? செவுளைத் தூக்குது, சிவப்பா வெளுப்பான்னு. கண்ணு குழி விழுந்திருக்கான்னு பார்க்குது. விரலால அமுக்கி, பள்ளம் மேல எழும்புதான்னு பார்க்குது. மோந்தும் பார்த்துட்டுத்தான் மடியிலிருந்து காசை எடுக்குது!

இந்த ஆத்தாவுக்கு ஒரு பேரன். பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம். அவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம்: பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு. கீழே, “ஊரே அழியப்போகுது, உடனே பகிருங்கள்.” பகிர்ந்துட்டான், நாப்பது பேருக்கு! ஆத்தா கேக்குது: “டேய், கூண்டு எத்தனாம் நம்பரு?” “ஒண்ணு ஆத்தா.” “ஒண்ணுக்காடா ஊரு அழியும்?” கூண்டு பதினொண்ணு வரைக்கும் இருக்கு, ஒண்ணுன்னா தூரக் கடல்ல என்னமோ உருவாகியிருக்குன்னு அர்த்தம். “சரி, படம் எப்ப எடுத்தது?” பேரன் முழிக்கிறான். படத்துல ரயில் போறது பழைய பாலத்து மேல! புதுப் பாலத்துல ரயில் ஓட ஆரம்பிச்சது 2025 ஏப்ரல்ல. அப்ப படம் அதுக்கு முந்தினது.

அண்ணே, வாழ்க்கை சொல்லிக்குடுத்துச்சுன்னீங்களே, ஒரே வீட்டுல பாட்டிக்கு வந்தது பேரனுக்கு ஏன் வரலை? அவனும் மீனுக்குச் செவுளைப் பார்ப்பான். செய்திக்குச் செவுள் எங்கேன்னு தெரியாது. யார் சொன்னது, எப்ப சொன்னது, வானிலை மையத்து அறிவிப்புல இருக்கா? ஒண்ணுல பழகினது இன்னொண்ணுக்குத் தானா தாவாது. தாவ வைக்கத்தான் வகுப்பு!

அந்த வகுப்பு இப்ப நடக்கிற மாதிரி இல்லை. அறுபது பேரை ஒவ்வொருத்தரா ரெண்டு நிமிஷம் பேசவிட்டா ரெண்டு மணி நேரம். பீரியடோ அம்பது நிமிஷம். கடைசியில அதே நாலு பேர்தான் பேசுவாங்க. மூணு மூணு பேராப் பிரிங்க. ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசணும். அடுத்தவர் “நீ சொன்னது இதுதானே?”ன்னு திருப்பிச் சொல்லி, பேசினவர் “ஆமா”ன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் கேள்வி. மூணாமவர் கடிகாரம் பார்த்து, ஆதாரமில்லாம விழுந்த ஒரு வாக்கியத்தைக் குறிக்கணும். சுற்றுக்கு நாலு நிமிஷம், ஆள் மாறி மூணு சுற்று. பன்னிரண்டு நிமிஷத்துல அறுபது பேரும் வாய் திறந்தாச்சு.

நடுவுல வாத்தியார் இலக்கணம் திருத்தக் கூடாது. திருத்தினா வாய் மூடும், அப்புறம் மனப்பாடம்தான் வரும். முதல் வாரம் தமிழ்ல, அடுத்த வாரம் அதே விஷயம் இங்கிலீஷ்ல. தலைப்பும் முக்கியம். ‘பெண் கல்வி தேவையா’ன்னு குடுத்தா யார் மறுப்பா? ‘ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, மாசம் சரியா?’ன்னு குடுங்க, வகுப்பு ரெண்டாப் பிளக்கும்.

மணி அடிக்காதீங்க நடுவர் அவர்களே. சிரிச்சது போதும்.

போன படகு திரும்பலைன்னு வைங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் வரிசையில ஒரு தாய் நிக்கிறா. அவளுக்கு அழுகை வருது, வார்த்தை வரலை. பக்கத்துல அந்த வீட்டின் முதல் பட்டதாரி மக. படகின் பதிவு எண், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கின தேதி, ஏறினவங்க எத்தனை பேர், கடைசியாப் பார்த்தது யார், எது கண்ணால கண்டது, எது காதால கேட்டது, எங்களுக்கு என்ன வேணும்... எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல, குரல் உடையாம அவதான் சொல்லணும். அப்பனைத் தேடிக்கிட்டே சொல்லணும்! அதை அந்தப் பிள்ளை முதல் தடவையா அந்த வரிசையிலதான் பழகணும்னு சொல்றீங்களாண்ணே?

தீர்ப்பை அவளுக்குக் குடுங்க நடுவர் அவர்களே. வணக்கம்.