நிறுத்திக் காக்கும் மருந்து

அவையோருக்கு வணக்கம்.

பைபாஸ் என்றதும் எல்லோரும் அறுவை மருத்துவரின் கைகளைப் புகழ்கிறோம். புகழட்டும், தகும். ஆனால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதய ரத்தக் குழாயில் தலைமுடி போன்ற நூலால் தைக்கும் அந்தக் கைகளுக்குப் பெரும்பாலும் அசையாத இதயம் வேண்டும். அதைக் கொடுப்பது கார்டியோபிளீஜியா என்னும் பொட்டாசியக் கரைசல்.

உடலுக்கு ரத்தம் செலுத்தும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டதும், பெருந்தமனியைக் கவ்வியால் அடைத்து, அதன் அடிப்பகுதியில் குளிர்ந்த கரைசலைச் செலுத்துகிறார்கள். சற்று நேரத்தில் ஈசிஜி கோடு நேராகிவிடுகிறது. துடிக்காத இதயத்தின் ஆக்சிஜன் தேவை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குளிர்ச்சி அதை இன்னும் குறைக்கும். ஆனால் பெரும்பங்கு துடிப்பை நிறுத்துவதில்தான் இருக்கிறது. ரத்த ஓட்டமில்லாத அந்த நேரத்தைத் தசை தாங்குவது இதனால்தான்.

1955இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். சில ஆண்டுகளில் அந்த முறையால் இதயத் தசை சிதைவது தெரியவந்தது. பலர் பொட்டாசியத்தையே கைவிட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இங்கேதான். தவறு மருந்தில் இல்லை, அளவில் இருந்தது! ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர் போன்ற சிலர் மட்டும் வேதியியல் வழியில் இதயத்தை நிறுத்தும் ஆய்வை விடவில்லை. 1970களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெர்ஸ், பிரெயிம்பிரிட்ஜ் குழு உருவாக்கிய கரைசலில் லிட்டருக்கு 16 முதல் 20 மில்லிமோல் பொட்டாசியம்தான், துணைக்கு மக்னீசியம். மெல்ரோஸ் பயன்படுத்திய செறிவு இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நம் ரத்தத்தில் இருப்பதோ 3.5 முதல் 5 வரை.

வேலை முடிந்து கவ்வியை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. இதயம் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. சிலருக்கு ஒரு மின்னதிர்ச்சி தேவைப்படும்.

இதற்கு மேலும் காவல் தேடி வேறு மருந்துகளைச் சோதித்தார்கள். அவற்றில் காரிபோரைடை மட்டும் சொல்கிறேன். 2008இல் வெளியான பெரிய ஆய்வில், பைபாஸ் நோயாளிகளிடையே மாரடைப்பு 18.9 சதவீதத்திலிருந்து 14.4 ஆகக் குறைந்தது. அதைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றும். ஆனால் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 2.2 ஆக உயர்ந்தது. காரணம் மூளையில் ஏற்பட்ட பக்கவாதங்கள். இதயத்தை மட்டும் எண்ணியிருந்தால் அந்த மருந்து இன்று எல்லா அறுவை அரங்குகளிலும் இருந்திருக்கும். ஆய்வாளர்கள் உயிர்களையும் எண்ணினார்கள். மருந்து பயன்பாட்டுக்கு வரவில்லை.