தூக்கிவிடுவது வசதி ஆகாது

வணக்கம் நேயர்களே.

கொழும்பில் ஓர் அரச அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் போனால், வாசலில் முதலில் காதில் விழுவது இதுதான்: "யோசிக்க வேண்டாம், நாங்கள் தூக்கிவிடுகிறோம்." சொல்பவர்கள் நல்லவர்கள். காவலாளி ஓடி வருவார். வரிசையில் நிற்கும் தம்பிமார் வருவார்கள். முச்சக்கர வண்டிச் சாரதியும் ஒரு கை கொடுப்பார். அவர்களுடைய மனதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஆண்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக, சேலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அதை உதவி என்று சொல்ல வாய் வராது. அவர் வந்தது பிறப்புச் சான்றிதழ் ஒன்றின் பிரதி எடுக்க. அதற்கு இந்த விலையா?

தூக்கிவிட ஆள் இருப்பதால் கட்டடம் தப்பித்துக்கொள்கிறது. இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

சட்டம் இல்லாத நாடல்ல இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கெனவே உள்ள கட்டடங்களைத் திருத்துவதற்கு அப்போது கொடுத்த தவணை மூன்று ஆண்டுகள். 2011இல் உயர் நீதிமன்றமும் இது பற்றிக் கட்டளை பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏதோ ஒரு வகை இயலாமையோடு வாழ்பவர்கள் 16 இலட்சத்துக்கும் அதிகம். முழங்கால் தேய்ந்த நம் அப்பம்மாக்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் சேர்ந்தார்களோ!

நான் பல காலம் கட்டட வரைபடங்களோடு வேலை செய்தவன். ஆகவே சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிகள் மூன்று என்றால் பதினெட்டு அடி. நம் வாசல்களில் என்ன செய்கிறார்கள்? படிக்கட்டின் ஓரத்தில் ஐந்தாறு அடிக்குள் சீமெந்தைச் சரித்துவிடுகிறார்கள். அதில் தனியாக ஏற முயன்றால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. கொழும்பு மழையில் ஊன்றுகோல் அதில் நிற்காது. நான் பார்த்த ஒரு சாய்தளம் அளவில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் உச்சியில் இருந்த கதவு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

உள்ளே போனாலும் தீரவில்லை. நின்று பேசும் உயரத்தில் கருமபீடம். கண்ணாடித் துவாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் குரல் மறுபக்கம் எட்டாது. இலக்கத்தைத் திரையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவர் காத்துக் கிடப்பார். வாயால் மட்டும் கூப்பிட்டால் காது கேளாதவரின் முறை கடந்துபோகும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறைக்குள் துடைப்பமும் பழைய கோப்புகளும் குவிந்து கிடக்கின்றன. வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

பழைய காலனித்துவக் கட்டடங்களில் கைவைக்க முடியாது என்பார்கள். எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லவில்லை. மக்கள் வந்துபோகும் கருமபீடத்தைத் தரைத்தளத்துக்கு இறக்கலாம். அதற்கு ஒரு மேசையும் ஒரு சுற்றறிக்கையும் போதும். புதிய கட்டடங்களுக்கோ எந்தச் சாக்கும் இல்லை. ஒப்பந்தக்காரரிடமிருந்து கட்டடத்தைப் பொறுப்பேற்கும் நாளில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும் வெள்ளைப் பிரம்போடு வரும் ஒருவரும் வீதியிலிருந்து கழிப்பறை வரை தனியாகப் போய்வரட்டும். அவர்களால் முடியாவிட்டால் கடைசிக் கொடுப்பனவை நிறுத்த வேண்டும்.

நேயர்களே, நீங்கள் போகும் அலுவலகத்தில் வழி இல்லையென்றால் அதை எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். அடிப்படை உரிமை மீறல் என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள். எந்தக் கடிதம் கொடுத்தாலும், திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.